பி.டி.எஃப் கோப்பும் அதன் இரண்டு பூட்டுகளும்

பி.டி.எஃப் என்பது எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கத்தை ஒரே தோற்றத்தில் காட்டும் கோப்பு வடிவமாகும். 1982-இல் சார்லஸ் கெஷ்கியுடன் சேர்ந்து அடோபி நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் வார்னாக், 1991-இல் 'கேமலாட்' என்ற பெயரில் இதற்கான திட்டத்தை எழுதினார். ஓர் அலுவலகத்தில் தட்டச்சு செய்த ஆவணத்தை வேறோர் அலுவலகத்தில் திறந்தால் எழுத்துரு மாறி, வரி உடைந்து நின்ற காலம் அது. 1993-இல் முதற்பதிப்பு வெளிவந்தது. படிப்பதற்கான மென்பொருளுக்கும் தொடக்கத்தில் விலை வைத்தார்கள். அதை இலவசமாக்கிய பிறகே இவ்வடிவம் பரவியது.

எழுத்துருவையும் படங்களையும் கட்டுச்சோறு போலத் தன்னுள்ளேயே கொண்டுசெல்வது இதன் சிறப்பு. கோப்பின் எந்தப் பகுதி எங்கே உள்ளது என்ற அட்டவணை பெரும்பாலும் இறுதியில் இருக்கும். எனவே மென்பொருள், உருது நூலைப் புரட்டுவது போலக் கடைசியிலிருந்தே தொடங்குகிறது. ஒருங்குறி பரவாத நாட்களில் மதுரைத் திட்டம் தமிழ் நூல்களை இவ்வடிவிலும் வழங்கியதால், எழுத்துருவைத் தனியே நிறுவாமல் அவற்றைப் படிக்க முடிந்தது.

பாதுகாப்புக்கு இரண்டு கடவுச்சொற்கள் உண்டு. முதலாவது கோப்பைத் திறப்பதற்கானது. அது இல்லாமல் உள்ளடக்கம் வெறும் குழப்பமாகவே தெரியும். தொடக்கத்தில் பயன்பட்ட 40 பிட் திறவுகோலுக்கு ஏறத்தாழ 1,10,000 கோடி வாய்ப்புகளே இருந்தன. வேகமான கணினிக்கு இது பெரிய எண்ணன்று. பின்னர் 128, 256 பிட் முறைகள் வந்தன. இரண்டாவது கடவுச்சொல் உரிமையாளருடையது. அச்சிடுவதையும் நகலெடுப்பதையும் தடுக்க அது உதவுகிறது. ஆனால் முதற்பூட்டு இல்லாத கோப்பில் இந்தத் தடை உண்மையில் ஒரு வேண்டுகோளே. உள்ளடக்கத்தைத் திரையில் காட்டும் மென்பொருளிடம் திறவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. தடையை மதிப்பதும் மதிக்காததும் அதை எழுதியவர் கையில்.

இந்த வேறுபாடு ஒருவரைச் சிறைக்கு அனுப்பியது. அடோபி மின்னூல்களின் பூட்டை நீக்கும் மென்பொருளை மாஸ்கோவின் எல்காம்சாஃப்ட் நிறுவனம் விற்றது. அதன் நிரலாளர் திமித்ரி ஸ்கிலியாரோவ், லாஸ் வேகாஸ் மாநாட்டில் மின்னூல் பாதுகாப்பின் பலவீனங்களைப் பற்றி உரையாற்றிய பின், 2001 ஜூலை 16 அன்று கைது செய்யப்பட்டார். பூட்டை உடைக்கும் கருவியை விற்பதையே குற்றமாக்கிய 1998-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் அவர்மீது பாய்ந்தது. புகார் கொடுத்த அடோபியே, எதிர்ப்பு வலுத்ததும், ஒரே வாரத்தில் வழக்குக்கான ஆதரவை விலக்கிக்கொண்டது. ஆனால் அரசு விடவில்லை. ஆண்டிறுதியில்தான் அவர் நாடு திரும்ப முடிந்தது. நிறுவனத்தின் மீது நடந்த வழக்கில், 2002 டிசம்பர் 17 அன்று நடுவர் குழு அதைக் குற்றமற்றது என விடுவித்தது. பலவீனத்தைச் சொன்னவரைப் பிடித்ததால் பூட்டு வலுப்பெற்றுவிடவில்லை.

2008-இல் பி.டி.எஃப் பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பின் பொதுத்தரமானது. 2017-இல் வந்த 2.0 பதிப்பு பழைய மறையாக்க முறைகளை ஒதுக்கி, 256 பிட் முறையை முன்வைத்தது. அச்சிடத் தடை விதிக்கும் குறி மட்டும் இன்றும் மென்பொருளின் நேர்மையை நம்பியே இருக்கிறது.