நடுத்தெருவில் நிற்பவள்

ஆண்டுக்கு இருமுறை, மே மாத இறுதியிலும் ஜூலை நடுவிலும், நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவில் சூரியன் தெருக்களின் நேர்கோட்டில் மறைகிறது. தெருவின் கிழக்குப் பக்கத்திலிருந்து பார்த்தால், இருபுறக் கட்டடங்களுக்கு நடுவே, ஹட்சன் ஆற்றுக்கு அப்பால் நியூ ஜெர்சியின் விளிம்பில் அது இறங்குவது தெரியும். இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தை நினைத்து இதற்கு மன்ஹாட்டன்ஹெஞ்ச் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரைப் பரப்பியவர் வானியலாளர் நீல் டிகிராஸ் டைசன். 14, 23, 34, 42, 57ஆம் தெருக்களில் அன்று மாலை கூட்டம் கூடுகிறது. வண்டிகளுக்குச் சிவப்பு விளக்கு விழுந்ததும் மக்கள் சாலை நடுவுக்கு ஓடிப் படம் எடுக்கிறார்கள். பச்சை விழுந்ததும் நடைபாதைக்குத் திரும்புகிறார்கள்.

அந்தப் படங்களில் எனக்குச் சூரியனைவிட அங்கே நிற்கும் பெண்கள்தாம் முதலில் கண்ணில் படுகிறார்கள். மாலை எட்டு மணிக்கு மேல், நடுத்தெருவில், ஒரு வேலையுமின்றி நிற்கிறார்கள். தமிழில் நடுத்தெருவில் நிற்பதென்றால் நாதியற்றுப் போவது. 'நடுத்தெருவில் நிறுத்திவிட்டுப் போய்விட்டான்' என்று சொன்னால் அங்கே நிற்பவள் பெண் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சங்க அகப்பாடல்களைக் கற்பிக்கிற எனக்கு மாலை என்றதும் முல்லைத் திணை நினைவுக்கு வரும். அதன் சிறுபொழுது மாலை, உரிப்பொருள் இருத்தல். பொழுது சாயும்போது ஆண் வெளியிலிருந்து திரும்புவான். பெண் மனைக்குள் ஆற்றியிருப்பாள். மன்ஹாட்டனின் காவலர்களும் நீதிபதிகளும் தொல்காப்பியம் படித்தவர்கள் அல்லர். ஆனால் அந்தி நேரத்துப் பெண் எங்கே இருக்க வேண்டும் என்பதில் அவர்களுக்கும் ஐயமே இருந்ததில்லை.

தெருக்களிலிருந்து தொடங்குவோம். 1807இல் நியூயார்க் மாநிலம் கவர்னூர் மோரிஸ், சிமியோன் டி விட், ஜான் ரதர்ஃபர்ட் ஆகிய மூவரை ஆணையர்களாக நியமித்தது. 1811 மார்ச்சில் அவர்களுடைய திட்டம் வெளிவந்தது: தீவின் நீளவாக்கில் 12 அவென்யூக்கள், குறுக்கே 155 தெருக்கள். பெரும்பாலான தெருக்களுக்கு 60 அடி அகலம். 15 தெருக்களுக்கு மட்டும் 100 அடி. இன்று சூரியனைப் பார்க்கக் கூட்டம் கூடும் தெருக்கள் அந்த அகலமானவை. நேர்ப்பக்கமும் செங்கோணமும் உள்ள வீடுகளைக் கட்டுவது மலிவு என்பது அவர்கள் சொன்ன காரணம். சூரியனை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. தீவு கிடக்கும் வாக்கில் கோடு போட்டதால் கட்டம் உண்மைத் திசையிலிருந்து 29 பாகை திரும்பி நிற்கிறது. சரியான கிழக்கு மேற்காகப் போட்டிருந்தால் இந்தக் காட்சி பகலும் இரவும் சமமாகும் மார்ச், செப்டம்பர் நாள்களில் கிடைத்திருக்கும்.

நில அளவைக்காரர்களைப் பற்றி நகரத்தின் பழைய வரலாறுகளில் ஒரு கதை உண்டு. காய்கறி விற்றுப் பிழைத்துவந்த முதியவள் ஒருத்தியின் சமையலறைக்குள் ஓர் அவென்யூவின் கோடு போயிற்றாம். அவள் முட்டைக்கோசை எடுத்து வீசியே அவர்களைத் துரத்தினாளாம். கதையைச் சொன்னவர்கள் சிரிப்புக்காகச் சொன்னார்கள். அவள் பெயரைக் குறித்துவைக்கவில்லை.

கோடுகள் தெருக்களாயின. நூறாண்டு கழித்து அந்தத் தெருக்களுக்குப் பெண்கள் தொழிலாளர்களாக வந்தார்கள். 1909 நவம்பர் 22 அன்று கூப்பர் யூனியன் அரங்கில், 23 வயதுத் தையல் தொழிலாளி கிளாரா லெம்லிக் எழுந்து இத்திஷ் மொழியில் பொது வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்தார். மறுநாளிலிருந்து ஆயிரக்கணக்கான சட்டைத் தையல் பெண்கள் வேலையை விட்டு வெளியேறினார்கள். வரலாறு அதை 'இருபதாயிரவரின் எழுச்சி' என்கிறது.

தொழிற்சாலை வாசலில் மறியல் செய்யும் பெண்களுக்குச் சங்கம் விதிகளை அச்சிட்டுக் கொடுத்தது. கடை முன்னால் நிற்காதே, தெருவில் மேலும் கீழும் நடந்துகொண்டே இரு. யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அவரை நிறுத்தாதே, கூடவே நடந்துகொண்டு பேசு. இரண்டு மூன்று பேருக்கு மேல் சேர்ந்து போகாதே என்று அவை எச்சரித்தன. இந்த விதிகளை வகுப்பில் வாசிக்கும்போது மாணவிகள் சட்டெனப் புரிந்துகொள்கிறார்கள். பேருந்து நிறுத்தத்தில் கைப்பேசியை எடுத்து யாரிடமோ பேசுவதுபோல் பாவனை செய்வதும் இதே விதிதான் என்றாள் ஒருத்தி. நடக்கிற பெண்ணுக்குப் போக ஓர் இடம் இருக்கிறது என்று உலகம் நம்புகிறது. நின்றுவிட்டால் காரணம் கேட்கிறது.

விதிகளைக் கடைப்பிடித்தும் அவர்கள் கைதானார்கள். முதலாளிகள் அடியாள்களையும் பாலியல் தொழில் செய்த பெண்களையும் கூலிக்கு அமர்த்தி அவர்களைத் தாக்கச் செய்தார்கள். காவலர்கள் அடி வாங்கியவர்களையே பிடித்துப்போனார்கள். அவர்களை நிறுத்திய இடங்களில் ஒன்று ஜெஃபர்சன் மார்க்கெட் இரவு நீதிமன்றம். பாலியல் தொழில் செய்ததாகப் பிடிபட்ட பெண்களும் அங்கேதான் நிறுத்தப்பட்டார்கள். இரு தரப்பினர்மீதும் இருந்த குற்றச்சாட்டின் அடியில் தெருவில் நின்றாள் என்பதுதான் இருந்தது. 1910 முதல் ஐந்தாம் அவென்யூவில் வாக்குரிமைக்காகப் பெண்கள் பேரணி போனார்கள். 1917இல் நியூயார்க் மாநிலத்தில் வாக்குரிமை கிடைத்தது. பேரணியும் நடைதான். நிற்கும் உரிமை அதற்குப் பிறகும் கிடைக்கவில்லை.

1976 ஜூலை 12 முதல் 15 வரை ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாடு மன்ஹாட்டனில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்தது. அதற்குள் நகரத்தைத் துப்புரவாக்கும் முனைப்பில் மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. விபசார நோக்கத்தோடு பொது இடத்தில் நிற்பதும் திரிவதும் அதன்படி குற்றம். நோக்கத்தை எப்படி அறிவது? அவள் யாரையாவது கையசைத்து அழைத்தாளா, பேச்சுக் கொடுத்தாளா என்று காவலர் பார்ப்பார். என்ன உடுத்தியிருந்தாள் என்பதும் சான்றாக எழுதப்பட்டது. கறுப்பினப் பெண்களும் லத்தீன் அமெரிக்கப் பெண்களும் திருநங்கைகளும்தாம் பெருமளவில் சிக்கினார்கள். திருநங்கையாக நடப்பதே குற்றம் என்று அந்தச் சட்டத்துக்குப் பட்டப்பெயர் வந்தது. அவர்கள் நடந்தபோதும் நின்றதாகவே கணக்கு. ஆகவே பெண் என்ற ஒற்றைச் சொல்லால் இந்த வரலாற்றைச் சொல்லி முடிக்க முடியாது.

அந்த மாநாட்டை ஒட்டிய நாள்களிலும் பக்கத்தில் 34ஆம் தெருவில் சூரியன் நேர்கோட்டில் இறங்கியிருக்கும். அதை நின்று பார்க்கிற பெண் யாருக்கு யாராகத் தெரிந்திருப்பாள் என்பது அவள் நிறத்தையும் உடையையும் பொறுத்தது.

திருநங்கைகளும் பாலியல் தொழிலாளர்களும் பல ஆண்டுகள் போராடிய பின், 2021 பிப்ரவரியில் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாத இறுதியில் வந்த மன்ஹாட்டன்ஹெஞ்ச், சட்டம் போன பிறகு வந்த முதலாவது. இடைப்பட்ட 44 ஆண்டுகளில் ஆண்டுக்கு இருமுறை தவறாமல் அந்தத் தெருக்களில் சூரியன் நேராக இறங்கிக்கொண்டுதான் இருந்தது.