சேற்றில் என்ன இருக்கிறது?

நில மீட்புத் திட்டத்தில் பொறியாளர் நான். எங்கள் வரைபடத்தில் கடலடிச் சேறு என்றால் அகற்ற வேண்டியது, அவ்வளவுதான்.

1980களில் பாப்புவா நியூ கினியில் பாப் ஹால்ஸ்டெட், பவளப்பாறையை விட்டுவிட்டு வெறும் சேற்றடியில் முக்குளிக்க ஆட்களைக் கூட்டிப்போனார். 'மக் டைவிங்' என்ற பெயரை அவரோடு சேர்த்துத்தான் சொல்கிறார்கள். "சேத்துல என்னங்க இருக்கு?" என்று நானும் கேட்டிருப்பேன்.

1998இல் சுலாவெசியின் கலங்கல் கடலடியில் ஓர் ஆக்டோபஸ் கண்ணில் பட்டது. சிங்கமீனாக, கடல்பாம்பாக, தட்டைமீனாக வேஷம் போட்டது. அறிவியல் பெயர் கிடைக்க 2005 ஆயிற்று. அதுவரை அந்தச் சேறும் வெறும் சேறுதான்.

போன வருஷம் சபாவின் மாபுல் தீவில் இறங்கினேன். விரல் நீளக் கணவாய் ஒன்று, ஊதாவும் மஞ்சளுமாகச் சேற்றின்மேல் நடந்து போனது. நீந்தவில்லை, நடந்தது.

திரும்பிவந்து கையெழுத்துப் போடுமுன் முதன்முறையாகக் கேட்டேன்: "இங்க யாராச்சும் இறங்கிப் பாத்தாங்களா?"