விதைப்பும் ஏக்கரும் ஹெக்டேயரும்

வன்னியின் முதிய கமக்காரர் ஒருவரிடம் வயலின் அளவைக் கேட்டால், "நாலு புசல் விதைப்பு" என்ற விடை வருவதுண்டு. நிலத்தை விதைநெல்லால் அளந்த பழைய மரபின் எச்சம் அது. (புசல் என்பதே ஆங்கிலேயர் தந்த சொல் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.) விதைப்பு என்னும் அளவில் வயலின் மண்ணும் விதைக்கும் கையும் அடங்கியிருந்தன. ஏக்கருக்கு இரண்டு புசல் என்பது பொதுக் கணக்காயினும், அடர்த்தியாக விதைப்பவனுக்கும் ஐதாக விதைப்பவனுக்கும் அது ஒன்றாகாது.

ஏக்கரோ அப்படியன்று. சங்கிலி பிடித்து அளந்து, படத்தில் எழுதி, உடைமையை நிலைநாட்டும் அளவு அது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் எதிர்ச்சான்று காட்டப்படும் வரை முடிக்கே உரியன என்று கொண்டது. சேனை வெட்டி வாழ்ந்தவனிடம் சான்றுப் பத்திரம் ஏது?

1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், முடிக்குரிய அந்நிலத்தை அனுமதிப்பத்திரத்தின் மூலம் உழவனுக்கு அளிக்க வழி செய்தது. இரணைமடுக் குளத்தின் கீழ்க் கிளிநொச்சியில் குடியேறிய யாழ்ப்பாணத்தார் தம் பரப்புக் கணக்கையும் உடன் கொண்டுவந்தனர். 16 பரப்பு ஓர் ஏக்கர். ஒரு பரப்பு 10 பேர்ச், அல்லது 18 குழி.

1970களில் மெற்றிக் முறை சட்டமாயிற்று. நில அளவைப் படங்களில் ஹெக்டேயர் ஏறிற்று. பழைய பத்திரங்களில் ஏக்கர், றூட், பேர்ச் நின்றன. உழவன் வாயில் விதைப்பும் பரப்பும் நின்றன. ஓர் ஏக்கர் 0.4047 ஹெக்டேயர். கணக்கு எளிதுதான். ஆனால் அதனை 0.40 என்று சுருக்கி எழுதினால் 47 சதுர மீற்றர், ஏறத்தாழ மூன்று குழிக்கு மேல், காணாமற் போகும். ஒரு குடிசை கட்டப் போதுமான நிலம் அது!

2009இல் போர் முடிந்தபின் செட்டிகுளத்து முகாம்களிலிருந்து மீண்டவர் பலரிடம் பத்திரமே இல்லை. வேலியும் எல்லைக்கல்லும் அழிந்த இடங்களில், தன் காணி இவ்வளவு என்று சொல்வதற்கு நினைவொன்றே எஞ்சியது. அந்நினைவு புசலிலும் பரப்பிலும் பேசிற்று. அதை ஒப்புநோக்க வேண்டிய படமோ ஹெக்டேயரில் பேசிற்று.

நெல் விற்கும்போது வேறொரு சிக்கல். புசல் முகத்தலளவு, 8 கலன், அதாவது 36.37 லீற்றர் கொள்வது. நெல்லின் எடையாக அதனை 46 இறாத்தல், 20.87 கிலோ என்று கணக்கிடுவர். ஈரநெல்லானால் அதே புசல் கூடுதலாக நிறுக்கும். அந்த மிகையை ஈரப்பதத்தின் பெயரால் வணிகன் கழிப்பான். எத்தனை கிலோ கழிப்பது என்பது எந்த மாற்று அட்டவணையிலும் இல்லை. உலர்த்தக் களமும் சேமிக்கக் களஞ்சியமும் இல்லாத உழவன், கடனும் நெருக்குவதால், அவன் சொன்ன கழிவை ஏற்றே விற்கிறான்.