வன்னியின் காவற் செய்தித் தொடர்பு: ஒரு வரலாற்று நோக்கு

பொலிஸ் வரலாற்றை எழுதுவோர் அதிகாரிகளின் பெயர்களையும் சட்டங்களின் இலக்கங்களையும் வரிசைப்படுத்துவதோடு பெரும்பாலும் அமைந்துவிடுகின்றனர். ஓரிடத்தில் நிகழ்ந்த குற்றத்தை மற்றோரிடத்தார் எவ்வாறு அறிந்தனர் என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. வன்னியைப் பொறுத்தவரை அதுவே முதன்மையான வினா எனலாம். மாங்குளம் - முல்லைத்தீவு வீதியின் ஏறக்குறைய நடுப்பகுதியில், காடும் குளமும் வயலும் சூழ அமைந்துள்ள ஊர் ஒட்டுசுட்டான். குடிகள் ஐதாகப் பரந்துள்ள இத்தகைய நிலத்திற் காவலின் வலிமை செய்தி செல்லும் வழியையே சார்ந்திருந்தது.

1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டமும், 1866இல் ஜி. டபிள்யூ. ஆர். கம்பெல் தலைமையேற்றமையும் இலங்கைப் பொலிஸ் சேவைக்கு ஒழுங்கான உருவத்தை அளித்தன. ஆயினும் நாட்டுப்புறக் காவல் நெடுங்காலம் உடையார், விதானையார் ஆகியோர் கையிலேயே தங்கியிருந்தது. விதானையார் அறிந்தது மணியகாரருக்கும் கச்சேரிக்கும் சென்றது. செய்தி மேல்நோக்கிச் செல்வதற்கென வகுக்கப்பட்ட அமைப்பு அது; பக்கத்துப் பற்றுக்குச் செல்வதற்கன்று.

இக்குறையை ஓரளவு ஈடுசெய்தது மாட்டின் தோல் என்றால் வியப்பாகத் தோன்றலாம். கால்நடை வளம் மிக்க வன்னியில் மாட்டுக் களவு சிறு குற்றமன்று. குறிசுடும் வழக்கத்தினால் உடையவர் யார் என்ற செய்தி விலங்கின் உடலிலேயே பதிந்திருந்தது. மாடு கைமாறும்போது உரிமைச் சீட்டும் உடன் கைமாறவேண்டும். 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டமும் குறியையும் சீட்டையும் பேணியது. காடு கடந்து வேற்றூர் சென்ற மாடும், குறிகளை அறிந்தோர் முன் தன் உடையவரைச் சொல்லிவிடும். ஓரிடத்துப் பதிவை வேறிடத்தார் ஐயமின்றி வாசித்தல் என்னும் இதனையே இன்றைய கணினி வலையமைப்பும் நாடுகின்றது.

இலங்கையில் 1858இல் தொடங்கிய தந்தியும், 1905இல் யாழ்ப்பாணத்தை எட்டிய புகையிரதப் பாதையும் தூரத்தைச் சுருக்கின. மாங்குளம் அப்பாதையில் ஒரு நிலையமாயிற்று. 1963இல் விதானை முறை ஒழிந்து கிராம சேவகர் வந்தனர். 1990இற் போர் பாதையைத் துண்டித்தது. பின்னர் 2009 வரை வன்னியின் பெரும்பகுதி நெடுங்காலம் அரசின் பொலிஸ் நிருவாகத்துக்குப் புறத்தேயே இருந்தது. புகையிரதம் கிளிநொச்சிக்கு 2013இலேயே திரும்பியது.

கருவிகள் மாறினும் மொழிச் சிக்கல் தீரவில்லை. 1956ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தைத் தனி அரச கரும மொழியாக்கியது. முறைப்பாடு சொல்லப்பட்ட மொழியிலேயே எழுதப்படவேண்டும் என 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் விதித்தது. அம்மொழியில் எழுத இயலாத உத்தியோகத்தருக்கு விலக்கும் அளித்தது. விதியினும் விலக்கே கவனிக்கற்பாலது. தமிழில் வாய்விட்டுச் சொன்னவர், தம்மால் வாசிக்கவியலாத எழுத்தின் கீழ்க் கையொப்பமிடும் நிலை அதன்வழியே நேரக்கூடும். 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கி, மாகாணப் பொலிஸ் பிரிவுகளுக்கும் இடமளித்தது. அப்பிரிவுகள் இன்றுவரை அமைக்கப்படவில்லை.

இந்தியாவில் 2009இல் அனுமதிக்கப்பட்ட குற்றத் தடங்காண் வலையமைப்பு மாநிலங்களின் பொலிஸ் நிலையங்களை இணைக்கின்றது. தமிழ்நாட்டு நிலையங்களின் முதல் தகவல் அறிக்கைகள் தமிழிலேயே எழுதப்பட்டு அதிற் சேர்கின்றன. ஒட்டுசுட்டானில் தமிழில் அளிக்கப்படும் வாக்குமூலம் தென்னிலங்கை நிலையமொன்றிற் பயன்படவேண்டுமாயின், கம்பிக்கும் கணினிக்கும் அப்பால் இருமொழியும் அறிந்த ஒருவர் இடையில் அமர்ந்திருக்க வேண்டும்.