அஞ்சலை மறித்த காவலன்

அலுவலகக் கணிப்பொறியில் மின்னஞ்சலைத் திறக்கச் சொல்லிவிட்டு, வெளியே சென்று தேநீர் அருந்தி வருவதற்கும் அது திறப்பதற்கும் சரியாக இருந்த காலம் ஒன்று உண்டு. 2009-ஆம் ஆண்டில் நான் இயற்பியல் முதுகலை மாணவன். திருமலையிலிருந்து நாள்தோறும் ஆரணிக்கு வந்து, ஒரு பட்டு வணிகரிடம் கணக்கு எழுதிவந்த என் சித்தப்பா, "பொட்டி பழசாப் போச்சு போலருக்கு தம்பி, வந்து ஒரு கண் பாரேன்" என்று அழைத்தார். சென்று பார்த்தேன். கணிப்பொறி வாங்கி ஓராண்டுகூட ஆகவில்லை. அதன் உழைப்பில் பெரும்பகுதியை விழுங்கிக்கொண்டிருந்தது அஞ்சல் நிரல் அன்று. அதைக் காப்பதற்காகப் போட்டிருந்த வைரஸ் தடுப்பு நிரல்!

காவலனே வழியை மறிக்கும் நிலை எவ்வாறு வந்தது? இதை அறிய 1986-ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும்.

அவ்வாண்டு லாகூர் நகரில் பாசித் ஃபரூக் ஆல்வி, அம்ஜத் ஃபரூக் ஆல்வி என்னும் சகோதரர்கள் 'பிரெய்ன்' என்ற நிரலை எழுதினர். தாங்கள் விற்ற மருத்துவ மென்பொருளைப் பிறர் படியெடுப்பதைத் தடுப்பதே தங்கள் நோக்கம் என்றனர். அது பிளாப்பித் தட்டின் தொடக்கப் பகுதியில் ஒளிந்துகொண்டு, தட்டுக்குத் தட்டு தாவி உலகைச் சுற்றியது. ஐ.பி.எம். வகைக் கணிப்பொறிகளைத் தாக்கிய முதல் வைரஸ் இதுவே. அதனுள் தங்கள் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றையும் அவர்கள் எழுதி வைத்திருந்தனர்! இத்தகைய நேர்மையைப் பிற்கால வைரசுகளிடம் எதிர்பார்க்க இயலாது.

அக்காலத்தில் காவல் எளிது. வெளியிலிருந்து ஒரு தட்டு வந்தால், அதைச் செருகி, தடுப்பு நிரலை ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் போதும். ஒவ்வொரு வைரசுக்கும் அதற்கே உரிய எழுத்துக் கோவை ஒன்று உண்டு. அக்கோவை கோப்பில் இருக்கிறதா என்று தேடுவதே சோதனை. நம் நாட்டிலும் இத்தொழில் வளர்ந்தது. சென்னையில் 1991-இல் ஜெ. கேசவர்த்தனன் கே7 கம்ப்யூட்டிங் நிறுவனத்தைத் தொடங்கினார். புனேயில் பழுதுபார்க்கும் கடை நடத்திய கைலாஷ் கட்கர், தம் தம்பி சஞ்சயுடன் சேர்ந்து குயிக் ஹீலை உருவாக்கினார்.

வைரசுகள் ஆயிரக்கணக்கில் பெருகியபோது ஒவ்வொரு கோவையாகத் தேடினால் முடியுமா? பத்தாயிரம் கோவைகளுக்காக ஒரே கோப்பைப் பத்தாயிரம் முறை படிக்க வேண்டிவரும். இதற்கான விடை 1975-ஆம் ஆண்டிலேயே கிடைத்திருந்தது. பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆல்பிரட் ஆஹோ, மார்கரெட் கொராசிக் ஆகிய இருவரும், எத்தனை சொற்களாயினும் ஒரே வாசிப்பில் தேடிவிடும் முறையை வெளியிட்டனர். அவர்கள் மனத்தில் இருந்தது நூற்பட்டியல்களில் தேடும் வேலை. நூலகத்துக்காகப் பிறந்த அம்முறை, பின்னர் கிளாம்ஏவி போன்ற வைரஸ் தடுப்பு நிரல்களில் இடம்பெற்றது.

ஆகவே தேடுவது பெரிய சுமையன்று. சுமை வந்தது அஞ்சல் வழியாக.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. 1999 மார்ச்சில் 'மெலிசா' வைரஸ் பரவியது. வேர்டு ஆவணத்தில் ஒளிந்து வந்த அது, முகவரிப் பட்டியலிலிருந்து 50 பேருக்குத் தன்னைத் தானே அனுப்பிக்கொண்டது. 2000 மே 4 அன்று மணிலாவிலிருந்து காதல் கடிதம் என்ற பெயரில் கிளம்பிய 'ஐ லவ் யூ', பட்டியலில் இருந்த அனைவருக்கும் சென்றது. பிரிட்டிஷ் பாராளுமன்றமே தன் அஞ்சல் அமைப்பைச் சிறிது நேரம் நிறுத்தி வைக்க நேர்ந்தது. வாரம் ஒருமுறை சோதிக்கும் காவல் இனிப் பயன்படாது. கடிதம் வந்த கணத்திலேயே பார்த்தாக வேண்டும். முன்பே சில நிரல்களில் இருந்த இடைவிடாக் காவல் இப்போது கட்டாயமாயிற்று.

கடிதத்தைச் சோதிப்பது தனிக் கலை. இணைப்பாக வரும் கோப்புகள் எழுத்துகளாக மாற்றப்பட்டே பயணம் செய்கின்றன. 3 பைட் 4 எழுத்தாகிறது. முதலில் அதைப் பழைய வடிவுக்குக் கொணர வேண்டும். சுருக்கப்பட்ட கோப்பாயின் விரித்தும் பார்க்க வேண்டும். விரித்தால் நாற்பதாயிரம் மடங்கோ கோடி மடங்கோ பெருகும்படி குறும்பர்கள் செய்த கோப்புகளும் உண்டு. அதுவரை கடிதம் வாயிலில் காத்திருக்கும். அஞ்சல் நிரல் பொறுமையிழந்து இணைப்பைத் துண்டித்துவிட்டு, அதே கடிதத்தை மீண்டும் கேட்பதும் உண்டு.

இதைவிடப் பெரிய தொல்லை கடிதங்களைச் சேமிக்கும் முறையில் இருந்தது. அவுட்லுக் நிரல் எல்லாக் கடிதங்களையும் ஒரே கோப்பில் வைக்கும். பட்டுச் சேலையை நெசவாளர் கொண்டுவந்ததும், கடையில் ஒருவர் விரித்துக் கரையையும் முந்தானையையும் பார்த்து வாங்குகிறார் அல்லவா? அது முறையான சோதனை. ஆனால் அலமாரியில் ஒரு புதுச் சேலையை வைக்கும்போதெல்லாம், உள்ளிருக்கும் ஆயிரம் சேலைகளையும் அவர் மறுபடி விரித்துப் பார்த்தால் எப்படியிருக்கும்? ஒரு கடிதம் வந்தாலும் கோப்பு மாறிவிடுகிறது. மாறிய கோப்பைக் காவலன் மீண்டும் சோதிக்கத் தொடங்குகிறான்.

இங்கே இயற்பியல் குறுக்கிடுகிறது. அன்றைய வன்தட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுழன்றது. அதாவது ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி வினாடி. வேண்டிய இடம் முனையின்கீழ் வரச் சராசரியாக அரைச் சுற்று, 4.2 மில்லி வினாடி. கை நகர ஏறத்தாழ 9. ஆக ஒரு தாவலுக்கு 13 மில்லி வினாடி; வினாடிக்கு 75, 80 தாவல்களுக்கு மேல் முடியாது. வரிசையாகப் படித்தால் வினாடிக்கு 60 மெகாபைட் தரும் தட்டு, தாவித்தாவி 4 கிலோபைட் வீதம் படித்தால் அரை மெகாபைட் கூடத் தராது. அஞ்சல் நிரல் ஓரிடத்துக்கும் காவல் நிரல் வேறிடத்துக்கும் இழுத்தால், அந்தக் கை அலைந்தே ஓய்ந்துபோகும். என் சித்தப்பாவின் அஞ்சல் கோப்பு 2 ஜிகாபைட்டை நெருங்கியிருந்தது.

நான் அடுத்த முறை செல்வதற்குள் யாரோ சொன்ன யோசனையின்படி அவர் காவல் நிரலையே நிறுத்திவிட்டார். அஞ்சல் பறந்தது. பத்து நாளில், வெளியிலிருந்து சேலை டிசைன்களுடன் வந்த பென் டிரைவ் ஒன்று வைரசையும் கொண்டுவந்தது. கோப்புறைகள் எல்லாம் மறைந்தன. உண்மையில் அவை அழியவில்லை, ஒளித்து வைக்கப்பட்டிருந்தன. அதைக் கண்டுபிடிக்கும்வரை இரண்டு நாட்கள் சித்தப்பா சரியாகச் சாப்பிடவில்லை.

நாங்கள் செய்தது சிறிய வேலைதான். காவலை மீண்டும் இயக்கினோம். அஞ்சல் கோப்பை மட்டும் முழுச் சோதனையிலிருந்து விலக்கி, உள்ளே வரும் கடிதமும் திறக்கப்படும் இணைப்பும் சோதிக்கப்படுமாறு அமைத்தோம். பழைய கடிதங்களை ஆண்டுவாரியாகத் தனிக் கோப்புகளுக்கு மாற்றினோம். அஞ்சல் சேமிப்புக் கோப்புகளைக் கோப்புச் சோதனையிலிருந்து விலக்கும்படி அஞ்சல் வழங்கிகளுக்கு மைக்ரோசாஃப்ட்டே அறிவுறுத்தியுள்ளது.

இன்று சுழலும் தட்டுக்குப் பதில் நகரும் பகுதியே இல்லாத சேமிப்பகங்கள் வந்துவிட்டன. பெரிய அஞ்சல் சேவைகள் கடிதத்தைத் தம் இடத்திலேயே சோதித்து அனுப்புகின்றன. தேநீர் இடைவேளை குறைந்துவிட்டது. ஆனால் கடவுச்சொல் இட்டுப் பூட்டிய சுருக்கக் கோப்பினுள் காவலனால் எளிதில் நுழைய முடிவதில்லை. அதனால்தான் மோசடிக்காரர்கள் அத்தகைய கோப்பை இணைத்து, அதன் கடவுச்சொல்லையும் கடிதத்திலேயே எழுதி அனுப்புகிறார்கள். பூட்டைத் திறக்கும் வேலையைப் படிப்பவரே செய்துவிடுகிறார்.