எழுத்து வேறு, வேஷம் வேறு

ஹைதராபாத்துக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. அப்பாவின் நினைவுக் குறிப்புகளைப் போன மாதம்தான் முழுசாகப் படித்தேன். 2003-ல் கும்பகோணத்தில் ஒரு டிடிபி கடையில் கொடுத்து அடித்து வைத்த வேர்ட் ஃபைல் அது. அவர் போன பிறகு தம்பி மெயிலில் அனுப்பியிருந்தான். கூகுள் டாக்ஸில் திறந்தால் முப்பது பக்கமும் ஆங்கில எழுத்துக் குப்பை. பக்கத்தில் இருந்த மகள், "தாத்தா ஏன்ப்பா இப்படி எழுதியிருக்கார்?" என்று கேட்டாள்.

தாத்தா ஒழுங்காகத்தான் எழுதியிருந்தார். கடைக்காரர் அடித்தது பாமினி எழுத்துருவில். அதில் "அம்மா" என்று வர வேண்டுமானால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தட்ட வேண்டும். கம்ப்யூட்டர் சேமித்து வைப்பதும் அந்த ஐந்து ஆங்கிலக் குறிகளைத்தான். அதன்மேல் பாமினி என்ற வேஷத்தைப் போட்டால் தமிழ், வேஷத்தைக் கலைத்தால் குப்பை. தடிப்பு, சாய்வு, அடிக்கோடு போல அன்றைக்குத் தமிழும் ஒரு ஃபார்மேட்டிங்!

ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு தனிக் கணக்கு இருந்ததால் ஒருவர் அனுப்பியதை இன்னொருவர் படிக்க முடியாது. இதைச் சரிசெய்ய மின்னஞ்சல் குழுக்களில் பேசிப் பேசி, பல நாட்டுத் தமிழர்கள் சேர்ந்து தொண்ணூறுகளின் இறுதியில் திஸ்கியைக் கொண்டு வந்தார்கள். 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்ற தரங்களை அறிவித்தது. இவையும் எழுத்துருவை நம்பித்தான் இருந்தன. யூனிகோடில் 1991-லேயே தமிழுக்குத் தனி இடம் கிடைத்துவிட்டது. ஆனால் விண்டோஸ் 2000-ல் லதா எழுத்துரு வந்த பிறகுதான் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் அது பரவத் தொடங்கியது. யூனிகோடில் "அ" என்பது எந்த வேஷத்திலும் "அ"தான்.

இங்கே தெலுங்குக்காரர்களும் இதே பாடு பட்டவர்கள்தான். டிடிபி கடைகளில் அனு எழுத்துருவில் அடித்த பழைய ஃபைல்களை இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்தால் அவர்களுக்கும் இதே கதி.

2005-ல் ரைட்லி வந்தது. அதே வருஷம் நம்ம சென்னை அட்வென்ட்நெட் ஜோஹோ ரைட்டரை விட்டது. 2006 மார்ச்சில் ரைட்லியை கூகுள் வாங்கியது, அதிலிருந்து பிறந்ததுதான் டாக்ஸ். பிரவுசரில் எழுதும் இந்தக் காலத்தில், நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கும் பாமினி டாக்ஸுக்குத் தெரியாது. அதனால்தான் அப்பாவின் வேஷம் தானாகக் கலைந்துவிட்டது.

இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன. அந்தக் குப்பையை அப்படியே எடுத்து ஒன்றில் ஒட்டினேன். தமிழ் வந்தது! ஆனால் ஒட்டும்போதே எல்லா ஃபார்மேட்டிங்கும் உதிர்ந்துவிட்டது. அப்பா ஆங்கிலத்தில் எழுதிய எல்ஐசி, எஸ்எஸ்எல்சி எல்லாம் புரியாத தமிழாகிவிட்டன. எது ஆங்கிலம், எது தமிழ் என்று பிரித்துக் காட்டியது எழுத்துரு ஒன்றுதானே? அது போனால் மாற்றிக்கு எப்படித் தெரியும்?

அதைவிட முக்கியம், தடித்த எழுத்துகள் போய்விட்டன. குப்பையாகத் தெரிந்த ஃபைலில் அவை அப்படியே இருந்தன. இரண்டு ஜன்னலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தடிப்பாக இருந்த இடங்களைத் தேடி, புதிய பிரதியில் ஒவ்வொன்றாகக் கண்ட்ரோல்-பி போட்டேன். பதினோரு இடம். எல்லாம் பெயர்கள். அப்பா காலேஜ் படிக்கப் பணம் கொடுத்தவர்கள். அதில் ஏழு பேரை எனக்குத் தெரியவே தெரியாது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு ஃபைல் இருக்கலாம். மாற்றும் முன் மூலத்தை ஒரு பிரதி எடுத்து வையுங்கள். டாக்ஸில் கண்ட்ரோலும் பின்சாய்வுக்கோடும் சேர்த்துத் தட்டினால் எல்லா ஃபார்மேட்டிங்கும் நீங்கிவிடும். யூனிகோடுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் யாரோ யோசித்துத் தடிப்பாக்கிய பெயர்கள் அதோடு போய்விடும். தட்டும் முன் ஒரு தடவை பாருங்கள்.

அந்த ஏழு பேரில் இரண்டு பேரின் குடும்பத்தைத் தம்பி கண்டுபிடித்துவிட்டான். பொங்கலுக்குப் போகிறோம்.