லிங்கிக் கரையில் நிற்கும் கற்கள்

ஜொகூர் மாநிலத்திலே பத்து பஹாட் என்றொரு பட்டணம் உண்டு. மலாய் மொழியில் 'பத்து' கல்லையும் 'பஹாட்' உளியையும் குறிக்குமாதலால், அவ்வூர்ப் பெயரிலேயே ஒரு கற்றச்சனின் தொழில் ஒலிக்கக் கேட்கலாம். அதற்கு வடமேற்கே மூவார் ஆற்றை அடுத்த கம்போங் பெஞ்சுவில் டோங்சோன் மரபைச் சேர்ந்த வெண்கல முரசொன்றின் பகுதி அகப்பட்டது. சுல்தான்களும் சரித்திர ஏடுகளும் தோன்றுமுன்பே இப்பிரதேசத்தில் நாகரிகம் நடமாடியது என்பதற்கு அது சாட்சி. எனினும் அப்பழங்காலத்தைக் கல்வடிவில் பிரத்தியட்சமாகக் காண விரும்புகிறவர், மூவாரிலிருந்து மலாக்காவையும் தாண்டி, லிங்கி ஆறு வரையில் செல்லவேண்டும். மழை ஓய்ந்த ஒரு காலைப்பொழுதில் நானும் அவ்வாறே புறப்பட்டேன்.

கித்தா மரங்களும் செம்பனைகளும் மாறிமாறி வரும் அந்தப் பாதை அலோர் காஜா வட்டாரத்தை அணுகியதும், வீட்டுத் தோட்டங்களின் ஓரத்திலும் பழத்தோப்புகளின் நிழலிலும், சில இடங்களில் இரண்டிரண்டாகவும் சில இடங்களில் வரிசையாகவும் நாட்டப்பட்ட கற்களைக் காண்கிறோம். இவற்றைக் கிராமவாசிகள் 'பத்து ஹிடுப்', அதாவது உயிருள்ள கல், என்று அழைக்கிறார்கள். ஆண்டுதோறும் இவை வளர்கின்றன என்பது அவர்களுடைய ஐதிகம். மழை மண்ணை அரிக்க அரிக்கக் கல் உயர்ந்து தோன்றுதல் இயல்பே என்று நாம் காரணம் கற்பிக்கலாம். ஆயினும், நட்டவர் பெயர் மறைந்தபின்னும் நட்ட கல்லைப் பிடுங்காமல் விட்டுவைக்க அந்த நம்பிக்கைதான் உதவியது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆற்றைக் கடந்து நெகிரி செம்பிலானுக்குள் நுழைந்தால் பெங்காலான் கெம்பாஸ் வருகிறது. கெம்பாஸ் மரத்தின் பெயரைத் தாங்கிய படகுத்துறை என்பது அதன் பொருள். அங்கே ஷேக் அகமது மஜ்னூனின் சமாதியை ஒட்டி, ஏறத்தாழ ஆள் உயரமுள்ள மூன்று கற்கள் நிற்கின்றன. உருவத்தைக் கொண்டு அவற்றுக்கு வாள், கரண்டி, சுக்கான் என்று ஜனங்கள் பெயரிட்டிருக்கிறார்கள். வாளெனப்படும் கல்லில் 'அல்லாஹ்' என்ற திருநாமம் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. அருகே நாற்புறத் தூண் ஒன்று, ஒருபால் ஜாவி எழுத்திலும் மற்றொருபால் பழைய கவி எழுத்திலும் சாசனம் தாங்கி, ஹிஜ்ரி 872, அதாவது கி.பி. 1467, என்ற ஆண்டைக் கூறுகிறது. மலாக்காவில் சுல்தான் மன்சூர் ஷா அரசு செலுத்திய காலம் அது. 1919-இல் ஐவர் எவன்ஸ் இவ்விடத்தை அகழ்ந்து ஆராய்ந்தார்.

அங்குள்ளவற்றில் என் மனத்தைக் கவர்ந்தது துளையிட்ட ஒரு கல். அதனுள் கையை நுழைத்துச் சத்தியம் செய்பவன் பொய்யனாயின், துளை சுருங்கி அவன் கையை இறுகப் பற்றிவிடுமாம். யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயித்துக்கொண்டு நானும் கையை விட்டேன். உள்ளே குளிர்ச்சி, பல தலைமுறைகளின் கை பட்டது போன்ற வழவழப்பு. நான் ஒன்றும் சத்தியம் செய்யவில்லை; ஆயினும், கையை வெளியே எடுக்கும்போது சற்று அவசரப்பட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அத்துளையைக் கண்டதும் நினைவு கொங்குநாட்டுக்குத் தாவியது. ஈரோட்டு மாவட்டத்தில், நொய்யலாற்றின் வடகரையில் உள்ள கொடுமணல் பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று பேசப்படும் தொன்மையான ஊர். அங்கே 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் கல்வட்டங்களின் நடுவே, பலகைக் கற்களால் அமைத்த ஈமப்பேழைகளும், அவற்றின் சுவரிலே 'இடுதுளை' என்னும் வட்டத் துவாரங்களும், சூதுபவள மணிகளும் வெளிப்பட்டன. இறந்தோரின் ஆவி போய்வர அமைத்த வாயில் அத்துளை என்று சிலர் அபிப்பிராயப்படுகிறார்கள். லிங்கிக் கரைத் துளைக்கும் நொய்யற்கரைத் துளைக்கும் உறவு கற்பிப்பது என் நோக்கமன்று. முன்னது மெய்யைச் சோதிக்கிறது. பின்னது மரித்தோரைப் போற்றுகிறது. ஆனால், மனிதன் தன்னால் தாங்கவொண்ணாத விஷயங்களைக் கல்லினிடத்தில் ஒப்படைத்தான் என்பது மட்டும் இரண்டுக்கும் பொது.

கல் நடுதலைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு துறைகளாக வகுத்தது தொல்காப்பியம். அம்மரபில் வந்தவர்களே கங்காணிகளின் பின்னே கப்பலேறி, இந்நாட்டுத் தோட்டங்களில் பால் மரம் சீவினார்கள். நூல் அறியாத அவர்கள், லயத்துக்கு அப்பால் ஒரு மரத்தடியில் கல்லொன்றை நட்டு, மஞ்சள் பூசி, முனியாண்டி என்று பெயரிட்டார்கள். காட்டை அழித்த அச்சத்தையும், ஊரைப் பிரிந்த துயரத்தையும் அதனிடம் சொன்னார்கள். அத்தகைய கற்களுக்குச் சாசனமுமில்லை, தேதியுமில்லை.

திரும்பும் வழியில், மூவாருக்குச் சற்று முன்பாக அப்படியொன்றைக் கண்டேன். லயங்கள் இடிந்து போயின. கித்தா இருந்த நிலத்தில் செம்பனை நிற்கிறது. குடியிருந்தவர்கள் பட்டணங்களுக்குச் சென்றுவிட்டார்கள். முழங்கால் உயரமே உள்ள அந்தக் கல்லின் காலடியில் மட்டும், இரண்டாக அறுத்துக் குங்குமம் தடவிய ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது. குங்குமம் இன்னும் காயவில்லை.